கைம்மாறு வேண்டாக் காவல்

ஒருவன் ஒரு தொழிலை இடைவிடாது செய்வானாயின், அதனால் அவனுக்கு யாதேனுமொரு பயன் உளதாதல் வேண்டும் என்பது உலகினர் துணிபு. பொருளேனும் புகழேனும் அச்சமேனும் தூண்டாவிடத்து மனிதன் தொழிற்படான் என்று கூறுவாரும் உளர். இக்கொள்கை முற்றும் உண்மையாமோ என்று ஆராய்தற்குத் தக்கதோர் உதாரணம் இக்காலத்து இணையவெளியிலே காணக்கிடக்கின்றது. ஒரு சதமேனும் வேதனம் பெறாது, நன்றியுரையும் பெரும்பாலும் பெறாது, வசைமொழியே மிகுதியாகப் பெற்று, பிறர் கூடி எழுதும் இடங்களை நாடோறும் காத்துவருகின்ற மட்டுறுத்துநரே அவ்வுதாரணமாவார். தம்மை ஒருவரும் மதிக்கின்றிலர் என்று மனம் நொந்தும், அவர் அத்தொண்டைக் கைவிடாமைக்குக் காரணம் யாது? இவ்வினாவை ஈண்டு எடுத்துக்கொள்வாம்.

முதற்கண், அவர் செய்யுந் தொழில் இன்னதென அறிதல் வேண்டும். பல்லாயிரவர் எழுதுமிடத்திலே வஞ்சக விளம்பரங்களை அகற்றல், இழிசொற்களை நீக்கல், பொய்யுரைகளைக் களைதல், வழக்கிடுவாரை அமைதிப்படுத்தல், விதி கடந்தோரை விலக்கல் என்பன அவர் கடமைகள். ஆசிரியர் இல்லாதபோது வகுப்பைக் காக்குஞ் சட்டாம்பிள்ளையின் நிலை இதற்கு ஏறக்குறைய ஒப்பாகும். வகுப்பு அமைதியாயிருக்குங்கால் அவனை ஒருவரும் நினையார். இரைச்சல் எழுந்தபோதோ ஆசிரியர் அவனையே கடிவர். மாணாக்கரும் அவனையே பகைப்பர். செவ்வனே செய்யப்பட்டபோது புலப்படாமையும், தவறியபோது மாத்திரம் புலப்படுதலும் இத்தொழிலின் இயல்பு. விளைந்த கதிரை யாவருங் காண்பர். களை பிடுங்கிய கையை யார் காண்பார்?

இவ்வுழைப்புச் சிறிதன்று. ரெடிற் என்னும் அமெரிக்கத் தளத்திலுள்ள மட்டுறுத்துநரின் உழைப்பை அந்நாட்டு ஆராய்ச்சியாளர் அளந்து 2022ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அத்தொண்டர் எல்லாருஞ் சேர்ந்து நாளொன்றுக்குக் குறைந்தது 466 மணிநேரம் உழைக்கின்றனர் எனவும், அவ்வுழைப்பைக் கூலிக்குக் கொள்வதாயின் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 34 இலட்சம் டொலர் வேண்டும் எனவும் அவர் கணித்தனர். இலாபம் நாடாத விக்கிப்பீடியாவும் 2001ஆம் ஆண்டு தொட்டு இத்தகைய தொண்டராலேயே எழுதப்பட்டும் காக்கப்பட்டும் வருகின்றது. 2003ஆம் ஆண்டில் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவிலே நம் ஈழநாட்டாரும் தமிழகத்தாரும் ஒருங்கிருந்து உழைத்து வருதலை ஆசிரியர் பலர் அறிவர். பாடம் ஆயத்தஞ் செய்யுங்கால் அதனைப் பார்வையிடும் நாம், அப்பக்கத்திலே நேற்றிரவு எவரோ எழுதிய கீழ்மொழியை எவரோ அழித்துச் சென்றமையை அறியோம்.

இனி, ஒரு தடையை எழுப்புவாரும் உளர். இவர் தொண்டரல்லர், அதிகாரவேட்கையுடையார், பிறரை விலக்கவும் அடக்கவும் கிடைத்த சிறு கோலைப் பற்றிக்கொண்டு மகிழ்கின்றனர் என்பது அவர் கூற்று. இதனை முழுதும் பொய்யென யாம் தள்ளமாட்டோம். சிற்றதிகாரம் சிலரைக் கெடுத்தலைப் பாடசாலைகளிலும் கண்டிருக்கின்றோம். ஆயினும், அதிகாரத்தை விரும்புவான் தன் முகத்தைப் பலர் காணவும் தன் பெயரைப் பலர் அஞ்சவும் விரும்புவான். இவருட் பெரும்பாலார் புனைபெயரின் மறைவிலே, அயலாரும் அறியாவண்ணம், நள்ளிரவிலே குப்பை அகற்றுகின்றனர். குப்பை கூட்டுதற்கு வேட்கையொன்றே ஆண்டுக்கணக்காகத் துணையாதல் அரிது. ஆதலின் அத்தடை சிலர்க்குப் பொருந்துவதன்றி எல்லார்க்கும் பொருந்தாது.

பின்னர்க் காரணம் யாதோவெனின், யாம் மூன்று காண்கின்றோம். முதலாவது உரிமையுணர்ச்சி. தான் நட்ட மரத்துக்கு நீர் வார்ப்பவன் கூலி கேளான், அஃது அவனுடையது. தாம் வளர்த்த இடம் பாழாவதைப் பார்த்திருத்தல் வசையைப் பொறுத்தலினுங் கொடிதாய் அவர்க்குத் தோன்றுகின்றது. இரண்டாவது, தன் கண்முன்னே தீங்கு நிகழக் காண்பவனுக்குரிய பொறுப்பு. வழியிற் கிடந்த முள்ளைக் கண்டவனே அதனை எடுத்தற்குரியான். காணாதவனை யார் குறைகூறுவார்? நாடோறும் அத்தகைய முட்களைக் காணுமிடத்தில் நிற்பவர் மட்டுறுத்துநர். மூன்றாவது, உடனுழைப்பாரின் கேண்மை. தாம் விலகின் தம் பாரம் தோழர் தோள்மேல் விழும் என்னும் எண்ணம், விலக நினைத்த பலரை நிறுத்தி வைக்கின்றது.

இவற்றுள் ஒன்றேனும் பணத்தாற் பிறந்ததன்று. எட்வேட் டெசி என்னும் அமெரிக்க உளநூலார் 1971ஆம் ஆண்டில் வெளியிட்ட பரிசோதனைகள் ஈண்டு அறியத்தக்கன. கல்லூரி மாணாக்கரிடம் புதிர்க்கட்டைகளைக் கொடுத்து, விடுவித்த ஒவ்வொரு புதிருக்கும் ஒரு சாரார்க்குப் பணம் அளித்தார். பணம் நின்றபின் அவர்க்கு அவ்விளையாட்டிலுள்ள ஆர்வங் குறைந்தது. மற்றொரு பரிசோதனையிலே பணத்துக்குப் பதிலாகப் பாராட்டுரை வழங்கினார். அங்கே ஆர்வங் குறையாது நிலைத்தது. கூலி உள்ளத்து விருப்பை வெளியே இழுத்து விலைப்பொருளாக்குகின்றது. இன்சொல்லோ அவ்விருப்பை உள்ளே வைத்து வளர்க்கின்றது என்பது இதனாற் பெறப்படும்.

இன்னுமொன்று. 2012ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சியொன்றிலே, ஆங்கில விக்கிப்பீடியாவில் மிகுதியாக உழைப்பார் 200 பேரைத் தெரிந்து, அவருட் பாதிப்பேர்க்கு மாத்திரம், குலுக்கலிற் பெயரெடுப்பதுபோல, நன்றி கூறும் நட்சத்திரச் சின்னமொன்றை அளித்தனர். அஃது ஒரு சிறு படமேயன்றி விலையுடைய பொருளன்று. ஆயினும் அடுத்த 90 நாட்களில், பெற்றவர் பெறாதவரினும் நூற்றுக்கு 60 வீதம் மிகுதியாக உழைத்தனர். ஆகவே, தொண்டர் நன்றியை வேண்டாதார் என்று நாம் சொல்லிக்கொள்ளுதல் நம் மறதியை மறைத்தற்கு நாமே நெய்த திரையாகும். அவர் கூலியை வேண்டார், விருதையும் வேண்டார், தாம் ஒருவராகக் கருதப்படுதலை மாத்திரம் வேண்டுவர்.

அவ்வளவும் மறுக்கப்படுங்கால் நேர்வது யாது? முற்காலத்து இணையக் கம்பனியாகிய அமெரிக்கா ஒன்லைன், ஆயிரக்கணக்கான தொண்டரைக் கொண்டு தன் உரையாடற்கூடங்களைக் காத்தது. நாட்செல்ல, அவர்க்கு முறைநேரம் வகுத்து, உழைத்த மணிகளுக்குக் கணக்குங் கேட்டது. வேலையாளைப் போல நடத்திக் கூலியை மாத்திரம் விலக்கியமையால், முன்னாட் தொண்டர் சிலர் 1999ஆம் ஆண்டில் வழக்குத் தொடுத்தனர். 2010ஆம் ஆண்டில் அக்கம்பனி 150 இலட்சம் டொலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டது. 2023ஆம் ஆண்டு ஆனி மாதத்திலே ரெடிற் தளத்து மட்டுறுத்துநரும் கிளர்ந்தெழுந்தனர். தம் காவலுக்குத் துணையாயிருந்த செயலிகளுக்கு அக்கம்பனி பெருங்கட்டணம் விதிக்கத் துணிந்தமையே காரணம். ஆயிரக்கணக்கான அரங்குகளின் கதவுகளை அவர் அடைத்தனர். திறவாதாரை நீக்கி வேறு தொண்டரை அமர்த்துவோம் என்று கம்பனி அச்சுறுத்தியது. அவர் அப்போதும் கூலி கேட்டிலர் என்பதை உற்றுநோக்குக. மண்வெட்டியைப் பறியாதே என்றே கேட்டனர். பலர் மீண்டும் கதவு திறந்தனர். அடைத்த கதவுக்கு வெளியே நின்றவர் கம்பனியார் அல்லர், தம்மை நம்பி வந்தவரே என்பதை அவர் அறிந்திருந்தனர். 2024ஆம் ஆண்டிலே அக்கம்பனியின் பங்குகள் நியூயோர்க் பங்குச்சந்தைக்கு வந்தன.

இங்கேதான் அறவினா எழுகின்றது. மனமுவந்து கொடுப்பானிடமிருந்து வாங்கிக்கொண்டேயிருத்தல் குற்றமாமோ? அவன் வேண்டாதபோது நமக்குக் கடன் ஏது? என்று வினாவுவார்க்கு யாம் கூறுவது இது. திருக்குறளிலே ஒப்புரவறிதல் ஓரதிகாரம், செய்ந்நன்றியறிதல் மற்றோரதிகாரம். முன்னையது கொடுப்பானை நோக்கியது; கைம்மாறு கருதாதே என்பது அதன் கருத்து. பின்னையது பெறுவானை நோக்கியது. மறவாதே என்பது அதன் கருத்து. கொடுப்பானுக்குரிய விதியைப் பெறுவான் எடுத்துத் தனக்கு விடுதலைப் பத்திரமாக வாசித்தல் பெருந்தவறு. அவன் கேளாமை அவனது பெருமை. நாம் கொடாமை நமது சிறுமை. ஒன்று மற்றொன்றை அழிக்கமாட்டாது.

தொண்டர்க்கும் ஒரு சொல் உரியது. மனம் கசந்தபின் செய்யுந் தொண்டு தன்னையும் எரித்துப் பிறரையும் எரிக்கும். தன்னையன்றி ஒருவருமிலர் என்னும் எண்ணம் ஈற்றிலே செருக்காகும். ஆதலால் தக்கானொருவனைப் பழக்கி அவனிடம் பொறுப்பை ஒப்புவித்து இளைப்பாறுதல் தோல்வியன்று. அதுவும் காவலின் ஒரு பகுதியே.

ஆசிரியர்களே, இவ்விடயம் நமக்குத் தூரமானதன்று. பாடசாலை முடிந்தபின் நூலகத்தை ஒழுங்குசெய்பவர், விளையாட்டுப் போட்டிக்குக் கோடு கீறுபவர், பழைய மாணவர் சங்கக் கணக்கை ஆண்டுதோறும் எழுதுபவர் நம் நடுவே உளர். பரிசளிப்பு விழாவிலே பொருளுதவியோர் பெயர் வாசிக்கப்படும். இவர் பெயர் வாசிக்கப்படுவதில்லை. அவர் செய்வார், கேட்கவேண்டியதில்லை என்று நாம் இலகுவாய்ச் சொல்லிவிடுகின்றோம். அச்சொல் ஒரு புகழ்ச்சிபோலத் தோன்றினும் ஆராயுமிடத்து ஒரு கடனேட்டை மூடிவைத்தலேயாம். யாமும் பலகாலும் அங்ஙனம் சொல்லியுள்ளோம் என்பதை நாணத்தோடு ஒப்புக்கொள்கின்றோம். நாளைக் காலையிலே வகுப்புக்குட் புகுமுன், கரும்பலகையைத் துடைத்து வைத்த பிள்ளையின் பெயரைக் கேட்டறிந்து, அப்பெயர் சொல்லி ஒரு நன்றி கூறுவோமாக. அப்பிள்ளை அதனை எதிர்பார்த்து நிற்கவில்லை. அதனாலேயே அது நம் கடனாகின்றது.