இரண்டாவது நாற்காலி

விமானப்படையில் பணியாற்றிவிட்டு, டெல்லி நாடக மேடை வழியாகத் திரைக்கு வந்தவர் டெல்லி கணேஷ். பாலசந்தரின் ‘பட்டினப் பிரவேசம்’ தொடங்கி 400க்கும் மேற்பட்ட படங்கள். கூடவே சின்னத்திரைத் தொடர்கள். பெரும்பாலும் அப்பா, மாமா, குமாஸ்தா. போஸ்டரில் முகம் தேட வேண்டியிருக்கும்.

1987இல் ‘நாயகன்’ படத்தில் வேலு நாயக்கரோடு நிழலாய் நின்ற ஐயர், 1990இல் ‘மைக்கேல் மதன காமராஜ’னில் பாலக்காட்டு மணி ஐயர். பந்தியில் சாம்பாரில் மீன் விழுந்த கலவரத்தில் அவர் முகம் போகும் போக்கைப் பாருங்கள், வசனமே வேண்டாம். (கதாநாயகன் கமலையும் மறந்துவிடுவோம், ஒரு நொடி.)

சம்பளத்தில், விருதில் இத்தகைய குணச்சித்திர நடிகர்களுக்கு எப்போதும் இரண்டாவது நாற்காலிதான். அது நியாயமில்லை. 2024 நவம்பரில் டெல்லி கணேஷ் மறைந்தார். அடுத்த முறை படம் பார்க்கையில், நாயகனுக்குப் பக்கத்தில் நிற்பவரையும் கவனியுங்கள்.