நாய் யாருடையது?



வீட்டு நாய் குட்டி போட்டால் நாம் முதலில் பார்ப்பது ஆணா, பெட்டையா என்பதைத்தான். ஆண் குட்டியைக் கேட்டு வாங்கிப் போக ஆள் உண்டு. பெட்டைக் குட்டியை யார் கேட்கிறார்கள்? இருட்டின பிறகு சாக்கில் கட்டி எடுத்துப்போய், அருமனைச் சந்திப்பிலோ, மேல்புறம் போகும் வழியிலுள்ள ரப்பர் தோட்டத்திலோ, வெட்கத்தை விட்டுச் சொன்னால் கோவில் வளாகத்திலோ விட்டுவிட்டு வருகிறோம். “கொல்லவில்லையே, எங்கேயாவது பிழைத்துக்கொள்ளட்டும்” என்று மனதுக்குச் சமாதானமும் சொல்லிக்கொள்கிறோம். மறு வருஷம் தெருவில் நாய் பெருகிப்போயிற்று, பேரூராட்சி என்ன செய்கிறது என்று கேட்கிறவர்களும் நாமே.

நாய் வளர்க்க லைசென்ஸ் வேண்டும், கட்டுப்பாடு வேண்டும் என்ற பேச்சு இப்போது எங்கும் அடிபடுகிறது. “நாய்க்கும் வரியா?” என்று சிலர் சிரிக்கிறார்கள். நமக்கு அடுத்தாற்போல் நடந்த ஒன்றைச் சொல்லுகிறேன். 2021 ஜூன் மாதம், விழிஞ்ஞத்தை அடுத்த அடிமலைத்துறைக் கடற்கரையில், வள்ளத்தின் கீழே படுத்திருந்தது என்பதற்காக புரூனோ என்ற வளர்ப்பு நாயைக் கட்டித் தொங்கவிட்டு, அடித்துக் கொன்று, கடலில் எறிந்தார்கள். கேரள உயர் நீதிமன்றம் தானாகவே அதை வழக்காக எடுத்து, அந்த நாயின் பெயரையே வழக்குக்கும் சூட்டிற்று. வளர்ப்புப் பிராணி வைத்திருக்கிற எல்லாரும் ஆறு மாதத்திற்குள் பதிவு செய்து லைசென்ஸ் பெறவேண்டும் என்று உள்ளாட்சிகள் அறிவிக்கும்படி உத்தரவும் இட்டது.

அடித்தவன் ஒருவனாயிருக்க, வளர்த்தவனைப் பதியச் சொல்வது என்ன நீதி? எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. ஆனால் யோசித்துப் பாருங்கள். பெயர் பதிந்த நாய்க்குத் தீங்கு வந்தால் கேட்பதற்கு ஓர் ஆள் உண்டு. அதனால் பிறருக்குத் தீங்கு வந்தால் பதில் சொல்வதற்கும் அதே ஆள் உண்டு. இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது.

சட்டம் நம் நாட்டில் புதிதல்ல. ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் ராஜ்ய சபையில் கொண்டுவந்த மசோதா வழியைத் திறக்க, 1960-ல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. பசியாலும் தாகத்தாலும் வேதனைப்படும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது அதன்படி குற்றம். முதல் தடவைக்கு அச்சட்டம் வைத்த அபராதம் 10 முதல் 50 ரூபாய். இன்று நாலு பேர் சாயா குடித்தால் தீர்ந்துபோகும். 2017-ல் இனப்பெருக்க விதிகள் வந்தன: விற்பதற்காகக் குட்டி எடுக்கிறவர் பதிவு செய்யவேண்டும், 18 மாதம் ஆகாத பெட்டையை இணை சேர்க்கக்கூடாது, எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக்கூடாது. ஹஸ்கி, செயின்ட் பெர்னார்டு போன்ற குளிர்நாட்டு இனங்களை இங்கே பெருக்கவேண்டாம் என்று தமிழ்நாடு அரசின் 2024-ஆம் ஆண்டுக் கொள்கை சொன்னது. அதற்கு எதிராக வழக்கும் போனது. பங்குனி வெயிலில் நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கும் ஹஸ்கியைப் பார்த்தவருக்கு வழக்கறிஞர் தேவையில்லை.

ஆனால் எந்தச் சட்டமும் பிடிப்பது பெயருள்ள நாயின் எசமானைத்தான். சாக்கில் போன குட்டிக்கு எசமான் யார்? இங்கேதான் மனச்சாட்சியின் காரியம் தொடங்குகிறது.

யாத்திராகமம் 21-ஆம் அதிகாரத்தில் முட்டுகிற மாட்டைப் பற்றிய கட்டளை இருக்கிறது. மாடு முட்டி ஒருவன் செத்தால் மாட்டைக் கொல்லவேண்டும். உடையவன் மேல் குற்றமில்லை. ஆனால் அது முட்டுகிற மாடென்று முன்னமே எச்சரித்தும் அவன் அதைக் கட்டிவைக்காதிருந்தால், இரத்தப்பழி அவன்மேல். சர்வேசுரன் இங்கே மாடு யாருடையது என்று மாத்திரம் கேட்கவில்லை. உனக்குத் தெரிந்திருந்ததா என்றும் கேட்கிறார். பெட்டைக் குட்டியைத் தெருவில் விடுகிறவருக்கு, அது வளரும், குட்டி போடும், ஊசி போடாத கூட்டமாகும் என்பது தெரியாதா? “அது என் நாய் அல்ல” என்று சொல்லி உடைமையைக் கழற்றிப்போடலாம். தெரிந்திருந்ததை எப்படிக் கழற்றுவது?

“பிள்ளைகளின் பீசுக்கே வழியில்லை, நாய்க்கு ஆப்பரேஷனா?” என்பீர்கள். நியாயமான கேள்வி. பிராணிகளை வீணாக வதைப்பது மனித மாண்புக்கு ஒவ்வாது என்று சொல்லும் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு, மனிதரின் துயர் தீர்க்கவேண்டிய பணத்தை அவற்றின்மேல் கொட்டுவதும் தகாது என்று அதே 2418-ஆம் எண்ணில் சொல்லுகிறது. ஆகையால் கூலிக்காரர் வீட்டு நாட்டு நாய்க்குக் கட்டணம் பெயரளவில் இருக்கட்டும்; தடுப்பூசியும் கருத்தடையும் இலவசமாய் நடக்கட்டும். அதைச் செய்யாமல் லைசென்ஸ் மட்டும் கேட்டால் அது வரி வசூலே. பல ஆயிரம் கொடுத்து நாய் வாங்குகிறவரிடமும், குட்டி விற்றுப் பிழைக்கிறவரிடமும் சட்டம் கண்டிப்பாயிருப்பதில் எனக்கு வருத்தமில்லை.

விடியுமுன் ரப்பர் பால் வெட்டப்போகிற ஒருவரை நாய் கடிக்கிறது என்று வையுங்கள். கடிவாயைச் சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் கால்மணி நேரம் கழுவிவிட்டு, அன்றைக்கே சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போகிறார். (மஞ்சளும் மிளகாயும் அப்புகிற வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.) ஊசியை உடனே தொடங்கிவிட்டு டாக்டர் கேட்கிறார்: யார் வீட்டு நாய்? தடுப்பூசி போட்டதா? பத்து நாள் கட்டிவைத்துப் பார்க்க முடியுமா? பத்து நாளும் நாய் நலமாயிருந்தால் பயம் நீங்கும். வெறிநோய் மனிதரிடம் தலைகாட்டியபின் காப்பாற்ற மருந்தில்லை என்பதனால்தான் இத்தனை கேள்வி. அந்த மனிதரோ, “தெருநாய் சார், யாருடையது என்று தெரியாது” என்கிறார். பிறகு ஊசித் தவணைகளையும், கூலி போகப்போகிற நாட்களையும் எண்ணிக்கொண்டே வீடு திரும்புகிறார்.