மேருவும் கயிலையும்

உயர்ந்த பொருளை உணர்த்தற்கு மலையை அடையாளமாகக் கொள்ளுதல் சமயத்தார் பலர்க்கும் பொதுவாயதொரு வழக்கு. ஆயினும், மலை ஒன்றேயாகவும் அதனால் உணர்த்தப்படும் பொருள் வேறாதலும் உண்டு. அவ்வேற்றுமையைத் தெளிய உணர்ந்து, அதுபற்றிப் பிறரை இகழாது நிற்றல் எவ்வாறு என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்தது.

விழுப்புரம் மாவட்டத்துப் பிரம்மதேசத்தில் பிரமபுரீசுவரர், பாதாளீசுவரர் என்னும் பெருமான்களின் திருக்கோயில்கள் சோழர்காலக் கற்றளிகளாய் விளங்குகின்றன. அதற்கு அணித்தாகிய எண்ணாயிரத்தில், முதலாம் இராசேந்திர சோழன் காலத்தே 340 மாணாக்கர் ஓதிய கல்லூரி இருந்தமையைக் கல்வெட்டுக் கூறும். அவ்வூர்க் குன்றிலோ சமண முனிவர்தம் கற்படுக்கைகள் உள. வடமேற்கே செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றின் பாறையொன்றில் தீர்த்தங்கரர் இருபத்துநால்வர் உருவங்களும் செதுக்கப்பட்டுள. மேல்சித்தாமூரிலும் பாறையிற் செதுக்கிய உருவங்களையுடைய கோயில் மலைநாதர் கோயில் என்றே வழங்குகின்றது. எனவே சைவமும் சமணமும் இந்நாட்டில் அண்டை வீட்டாராய் வாழ்ந்தன என்க.

சமணர்க்கு மலை உணர்த்தும் பொருள் யாது? சம்புத்தீவின் நடுவே நிற்கும் மேருவில் நான்கு வனங்களும், வனத்திற்கு நான்காகப் பதினாறு சினாலயங்களும் உள என்பர். ஏனை நான்கு மேருக்களையுங் கூட்ட ஆலயங்கள் எண்பதாம். தீர்த்தங்கரர் பிறந்தவுடன் இந்திரன் அவரை மேருவின் பாண்டுக வனத்தில் நீராட்டுவன் என்பதும் அவர் கொள்கை. முதல்வராகிய ஆதிநாதர் கயிலையிலும், நேமிநாதர் கிர்நாரிலும், இருபதின்மர் சம்மேத சிகரத்திலும் வீடு பெற்றனர் என்ப. ஆகலின் அவர்க்கு மலையாவது, உயிர் தன் முயற்சியானே வினையைக் கழித்து உலகின் உச்சிக்கு ஏறும் படி. அம்மலையில் ஏறுவோர் உளர்; கைகொடுத்து ஏற்றுவார் இலர்.

நமக்கோ கயிலை, அம்மையப்பர் வீற்றிருந்து அருள் சுரக்குமிடம். இவ்வேற்றுமையை நாவுக்கரசர் வரலாறு நன்கு விளக்கும். தருமசேனர் என்னும் பெயருடன் சமணத்துள் நின்று, பின்னர்ச் சைவந் திரும்பிய அப்பெரியார், கயிலை காணச் சென்ற வழியில் தாள் தேய்ந்து, கை தேய்ந்து, மார்பும் தேய்ந்தபின் உருண்டும் சென்றார் எனப் பெரியபுராணம் கூறுகின்றது. உடம்பின் முயற்சி முற்றவும் ஒழிந்தவிடத்தே இறைவன் எதிர்வந்து தடுத்து, திருவையாற்றிலேயே கயிலைக் காட்சியை அருளினான். மலை ஏறச் சென்றார்க்கு மலையே சமவெளிக்கு இறங்கி வந்தது.

அற்றேல், முயற்சி வீணோ எனின், அன்று. சரியை முதலிய தவங்கள் உயிரைப் பக்குவப்படுத்துவன. ஆயின் கண்ணுக்குக் காணும் ஆற்றல் இருப்பினும் ஞாயிற்றின் ஒளியின்றிக் காணமாட்டாமை போல, உயிரும் திருவருள் காட்டாது ஆணவ இருளைக் கடக்கமாட்டாது என்பதே சித்தாந்தம்.

இனி, திருநாதர்குன்றில் சந்திரநந்தி ஆசிரியர் என்பார் 57 நாள் உண்ணாநோன்பு நோற்று உயிர் துறந்தமையை அங்குள்ள பழங்கல்வெட்டு உரைக்கின்றது. அந்நோன்பு பயனின்றிப் போயிற்று என்று கூறத் துணிவோமோ? கூறின் நம் கொள்கையே நம்மை மறுக்கும். வினை சடம், அது தானே பயன் தரமாட்டாது, அறிவுடைய முதல்வனே அதனைக் கூட்டுவிப்பன் என்பதன்றோ சமணர்க்கு எதிராக நாம் நிறுவுவது? அங்ஙனமாயின், அவ்வைம்பத்தேழு நாளும் உடனின்று கண்டு, அவற்றிற்குரிய பயனைக் கூட்டியவனும் அம்முதல்வனே ஆதல் வேண்டும். அம்முனிவர் அவனை அழைத்திலர் என்பது உண்மை. அழையாமையால் அவன் அகன்றிலன் என்பதும் உண்மை. நிகண்டவாதியைப் பரபக்கத்தில் மறுத்த அருணந்தி சிவாசாரியரே, எத்தெய்வத்தை வழிபடினும் அவ்விடத்து வந்து அருள்பவன் சிவபெருமானே எனச் சுபக்கத்தில் உரைத்ததும் இக்கருத்துப் பற்றியேயாம்.

ஆகலின் கொள்கையை மறுத்தல் நம் கடன். நோன்பை இகழ்தல் நம் கடன் அன்று. பிரம்மதேசத்துப் பெருமானை வணங்கச் செல்லும் அன்பர்கள் எண்ணாயிரத்துக் குன்றினையும் ஏறிக் காண்பாராக. அக்கற்படுக்கையில் துயின்றோர் அறியாத துணையொன்று, அவர்க்கும் அருகே விழித்திருந்தது என்று உணர்வாராக.

திருச்சிற்றம்பலம்.