பாகங்கள் மாறினாலும் விமானம் ஒன்றுதானா?

விமானப் பராமரிப்பைக் கற்பிக்கும் நிலையம் ஒன்று தன் வளாகத்திலேயே அருங்காட்சியகமும் வைத்திருந்தால், அங்கு இரு வகை விமானங்கள் இருக்கும். ஒன்று பறந்துகொண்டிருப்பது, சோதனைக்கு வந்து, பாகங்கள் மாற்றப்பட்டு, மறுபடி வானேறுவது. மற்றது பறந்து முடித்தது; பார்ப்பதற்கும் கற்பதற்கும் நிறுத்தப்பட்டது. முதலாவதில் பழைய பாகங்கள் குறைந்துகொண்டே போகும், பறப்பு நிற்பதில்லை. இரண்டாவதில் பழைய பாகங்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கும், பறப்பு நின்றுவிட்டது. இவற்றுள் தன் இயல்பைக் காத்துக்கொண்டது எது? மாறுகின்ற பொருளில் மாறாமல் நிற்பது எது என்ற பழைய மெய்யியல் கேள்வியே இங்கு உலோக உருவில் நிற்கிறது.

இத்தகைய சூழலுக்குத் தமிழ்நாட்டில் நல்ல உதாரணம் உண்டு. சி. இராஜம் 1949இல் சென்னைக் குரோம்பேட்டையில் நிறுவிய எம்.ஐ.டி. எனும் மெட்ராஸ் தொழில்நுட்பக் கழகத்தில், விமானத்தின் உள்ளமைப்புகளை விளக்குவதற்காகச் சேவையிலிருந்து விலக்கப்பட்ட இரண்டு விமானங்கள் வைக்கப்பட்டிருந்தன. இராமேசுவரத்திலிருந்து அங்கு படிக்கச் சென்ற அப்துல் கலாம், அவை தம்மை ஈர்த்த விதத்தைத் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். இலங்கையில் இரத்மலானையிலுள்ள விமானப்படை அருங்காட்சியகம் பழைய விமானங்களைப் பேணிக் காட்சிப்படுத்துகிறது. பறக்காத விமானம் பறப்பைக் கற்பிக்கிறது என்பதற்கு இவை சான்று.

பறக்கும் விமானத்தின் நிலை வேறு. பயணிகள் விமானத்துக்குக் குறித்த பறப்பு நேரங்களுக்கும் காலத்துக்கும் ஏற்பச் சோதனைகள் உண்டு. அவற்றுள் மிகப் பெரியதில், பல ஆண்டுகளுக்கு ஒருமுறை, இருக்கைகளும் உட்சுவர்களும் கழற்றப்பட்டு உடற்கூடு வெளிப்படும்வரை விமானம் பிரிக்கப்படும். இயந்திரத்தின் சுழல்தட்டுகள் போன்ற பாகங்களுக்கு ஆயுள் வரையறை உண்டு. பழுதில்லாமல் தோன்றினாலும், குறித்த எண்ணிக்கை எட்டியதும் அவை அகற்றப்பட வேண்டும். விரிசல் கண்ணுக்குத் தெரியும்வரை காத்திருக்க இத்தொழிலில் இடமில்லை.

இந்த ஒழுங்கு உயிர்களை விலையாகக் கொடுத்துப் பெற்றது. 1952இல் சேவைக்கு வந்த கொமெற் ஜெற் விமானங்களுள் இரண்டு 1954இல் நடுவானில் உடைந்து கடலில் வீழ்ந்தன. முதலாவதன் சிதைவுகள் மத்தியதரைக் கடலிலிருந்து எடுக்கப்பட்டு ஆராயப்பட்டன. மற்றொரு கொமெற் நீர்த்தொட்டிக்குள் வைக்கப்பட்டு, காற்றழுத்தம் ஏறி இறங்குவதைப் போல மீண்டும் மீண்டும் சோதிக்கப்பட்டது. உலோகச் சோர்வே காரணமென்று அதனால் தெளிந்தது. 1988இல் ஹவாய்த் தீவுகளில் 89,680 முறை பறந்திருந்த அலோஹா நிறுவனத்தின் போயிங் விமானத்தின் கூரை நடுவானில் பிய்ந்துபோய், பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். தகடுகள் பொருந்தும் இடங்களில் அரிப்பும், தறையாணித் துளைகளிலிருந்து பரவிய விரிசல்களும் இருந்தன. பழைய பாகம் பழையபடியே இருக்கிறது என்பது விமானத்தைப் பொறுத்தவரை பெருமையன்று, ஆபத்து.

அப்படியானால் இருபது ஆண்டுகளாகப் பாகங்கள் மாறிவந்த விமானம் இன்னும் அதே விமானம்தானா? புராண வீரன் தீசியசின் கப்பலைப் பற்றிக் கிரேக்கர் இதையே கேட்டதாகப் புளூட்டார்க் எழுதினார். உளுத்த பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றி, கடைசியில் பழைய பலகை ஒன்றுமே மிஞ்சாதபோது, அது அவனுடைய கப்பல்தானா? பதினேழாம் நூற்றாண்டில் தோமஸ் ஹொப்ஸ் இன்னொரு படி சென்றார். கழற்றிய பழைய பலகைகளைச் சேர்த்து ஒருவன் மறுபடி கப்பல் கட்டினால், இரண்டில் எது உண்மையானது? பராமரிப்புக் கொட்டகையும் அருங்காட்சியகமும் ஹொப்சின் இரு கப்பல்களைப் போலவே எதிரெதிரே நிற்கின்றன. பழையதை அப்படியே வைத்திருப்பதாகச் சொல்லும் அருங்காட்சியகத்தின் உரிமைகோரல்கூட முழுமையானதன்று. 1903இல் ரைட் சகோதரர் பறந்த விமானத்தின் துணி 1985இல் புதிதாகப் போர்த்தப்பட்டது.

பௌத்தம் இதற்குத் தேரைக் கொண்டு விடை சொல்கிறது. மிலிந்த பஞ்ஞா என்ற பாளி நூலில் நாகசேனத் தேரர், சக்கரமும் அச்சும் நுகமும் தனித்தனியே தேரல்ல, அவை சேர்ந்த அமைப்புக்கு வழங்கும் பெயரே தேர் என்று மிலிந்த மன்னனுக்கு விளக்குகிறார். இரவு முழுதும் எரியும் விளக்கின் சுடர் முதற்சாமத்திலும் கடைசிச் சாமத்திலும் ஒன்றுமன்று, வேறுமன்று என்பது அவர் காட்டும் இன்னோர் உவமை. விமானத்துக்கு இவ்விடை நன்கு பொருந்துகிறது. அதன் ஒருமை உலோகத்தில் இல்லை. ஒவ்வொரு பாகத்தின் தொடரெண்ணும், அது பொருத்தப்பட்ட நாளும், அகற்றப்பட்ட நாளும், அனுமதிப்பத்திரம் பெற்ற பொறியியலாளரின் கையொப்பமும் அறுபடாமல் வரும் பதிவேட்டில் இருக்கிறது. நல்ல நிலையிலுள்ள பாகமும் தன் பதிவு தொலைந்தால் விமானத்தில் ஏற முடியாது.

யாழ்ப்பாணத்துச் சைவ மரபு ஊன்றி நிற்கும் சித்தாந்தம், விமானத்தைப் பற்றிய இவ்விடையை மறுக்கவேண்டியதில்லை. அதை மனிதருக்கு நீட்டுவதையே மறுக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் இயற்றிய சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரம் உயிர் உண்டென்று நிறுவுகிறது. ‘எனது கை, எனது உடல்’ என்று சொல்பவர், கையும் உடலும் ஆகார். உடைமைக்கு உடையவர் வேறு. ஐம்பொறிகளும் ஒடுங்கும் உறக்கத்திலும் உயிர் இல்லாமல் போவதில்லை. உடலின் பாகங்களும் மாறுகின்றன. ஆனால் அம்மாற்றத்தை அறிவதற்கு உள்ளே ஒருவர் இருக்கிறார். விமானத்துக்குள் அப்படி ஒருவர் இல்லை. ‘எனது இறக்கை’ என்று அது சொல்லாது. அதன் ஒருமையை வெளியே நின்று அறிபவர்கள் தாங்கவேண்டியிருக்கிறது.

வெளியிலிருந்து தாங்கப்படும் ஒருமைக்குக் கோயில் நெருங்கிய இணை. கருவறைக்கு மேலுள்ள கட்டுமானத்துக்கும் வானூர்திக்கும் தமிழில் விமானம் என்ற ஒரே சொல்தான். அந்த விமானமும் மாறாமல் இருப்பதில்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை திருப்பணி செய்து கும்பாபிஷேகம் நிகழ்த்துவது மரபு. வேலை தொடங்குமுன் பாலஸ்தாபனம் நடைபெறும். மூர்த்தியின் சாந்நித்தியம் வேறிடத்தில் எழுந்தருளச் செய்யப்பட, வழிபாடு இடையறாமல் நடக்கும். சுதையும் வர்ணமும் கல்லும் புதியவை ஆகலாம், கோயில் புதியதன்று. அதை ஒன்றாக வைத்திருப்பது அறுபடாத வழிபாடு. அதே மூர்த்தி அருங்காட்சியகத்தில் நின்றால், கல் பழையதாகவே இருக்கும், பூசை இருக்காது.

கோயிலைப் போலவே ஊருக்கும் இக்கேள்வி உண்டு. யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரி நகருக்கு இது நூற்கேள்வி மட்டுமன்று. உள்நாட்டுப் போரின் 2000ஆம் ஆண்டுச் சண்டையில் நகரம் பெரும் அழிவைக் கண்டது, மக்கள் இடம்பெயர்ந்தனர். வடபுலத்தின் வான்வாசலான பலாலியும் போருக்குப் பின், 2019 ஒக்டோபரில், யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயரோடு திறந்தது. ஓடுபாதைக்குத் தன் பழைய நாட்கள் நினைவில்லை. சாவகச்சேரிக்கு நினைவிருக்கிறது, ஏனெனில் திரும்பி வந்தவர்களுக்கு நினைவிருக்கிறது. சுவர்களும் கூரைகளும் மாறிய பின்னும் நகரம் அதுவேதான் என்று சொல்வதற்கு அங்கு வாழ்பவர்களே போதும்.

ஆகவே கேள்விக்கு மூன்று விடைகள் நிற்கின்றன. உயிர் தன்னைத் தானே தாங்குகிறது. ஊரையும் கோயிலையும் அங்கு வாழ்வோரும் வழிபடுவோரும் தாங்குகிறார்கள். விமானத்தைப் பராமரிப்பவரின் கவனம் தாங்குகிறது. அருங்காட்சியகத்து விமானம் அக்கவனம் நின்றால் என்ன மிஞ்சும் என்பதைக் காட்டுகிறது. கொட்டகையில் நிற்பது, கவனம் நில்லாதவரை என்ன தொடரும் என்பதை. கற்பவர் இரண்டின் முன்னும் நிற்கவேண்டியவர்.