எது உயர்ந்த படிப்பு?

சில ஆண்டுகளுக்கு முன், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியான வாரத்தில், எம் பங்கைச் சேர்ந்த மாணவியர் இருவர் பங்குக் குருவின் பரிந்துரைக் கடிதம் கேட்டு வந்தனர். ஒருத்தி இயற்பியல் இளங்கலைப் பட்டப்படிப்பில் சேரவிருந்தாள். மற்றவள் சமுதாயக் கல்லூரி ஒன்றில் நோயாளர், முதியோர் பராமரிப்புக்கான பயிற்சியில் சேரவிருந்தாள். அடுத்த ஞாயிறு திருப்பலியின் முடிவில் முதலாமவளின் பெயரைச் சொல்லிப் பாராட்டினேன். மக்களும் கைதட்டி மகிழ்ந்தனர். இரண்டாமவளைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று கூறினால் அது பொய். பாராட்டத்தக்கதாக அப்படிப்பு எனக்குத் தோன்றவில்லை என்பதே உண்மை. திருப்பலிக்குப் பின் அவளுடைய தாய் என்னிடம் வந்து, "சாமி, எம் பொண்ணு படிக்கப் போறது படிப்பு இல்லியா?" என்று கேட்டார். அன்று என்னிடம் விடையில்லை. அவ்வினாவுக்கு விடை தேடும் முயற்சியே இக்கட்டுரை.

சமுதாயக் கல்லூரி என்னும் கருத்து அமெரிக்காவில் தோன்றியது. இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் 1901இல் தொடங்கப்பெற்ற ஈராண்டுக் கல்லூரியை அதன் முன்னோடி எனலாம். 1947இல் குடியரசுத் தலைவர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழுவின் அறிக்கை அப்பெயரைப் பரவச் செய்தது. இத்தகைய கல்லூரிகள் பலவற்றில் ஒரே வளாகத்தில் இயற்பியலும் கற்பிக்கப்படுகிறது. முதியோர், மனநோயாளர், போதைக்கு அடிமையானோர், ஆதரவற்ற சிறார் ஆகியோருக்குத் துணைநிற்கும் மானிடப் பணிகளுக்கான தொழிற்பயிற்சியும் அளிக்கப்படுகிறது. முன்னதைக் கற்போருள் பலர் பல்கலைக்கழகம் நோக்கிச் செல்வர். பின்னதைக் கற்போருள் பலர் நேரே பணிக்குச் செல்வர். நம் பகுதியில் 1995இல் புதுவைப் பல்கலைக்கழகமும், அதன்பின் சென்னை–மயிலை உயர்மறைமாவட்டமும் சமுதாயக் கல்லூரிகளைத் தொடங்கின. இயேசு சபைக் குரு சேவியர் அல்போன்ஸ் இவ்வியக்கம் நாடெங்கும் பரவ உழைத்தார். கல்லூரிப் படியேற வாய்ப்பில்லாத ஏழை இளைஞர்க்கு அது ஒரு வாயிலைத் திறந்தது. ஆயினும் நம்மிடையே இயற்பியல் ஒரு வளாகத்திலும் பராமரிப்பு வேறொரு வளாகத்திலுமாகவே பெரும்பாலும் பிரிந்து நிற்கின்றன. அவற்றிற்கு நாம் தரும் மதிப்பும் அவ்வாறே பிரிந்து நிற்கிறது.

ஈராண்டுகள் கழிந்தன. ஒரு மாதத்தின் முதல் வெள்ளியன்று நோயுற்றோருக்கு நற்கருணை கொண்டுசென்றபோது, பக்கவாதத்தால் படுத்த படுக்கையாயிருந்த முதியவர் ஒருவரின் இல்லத்தில் அந்த இரண்டாம் மாணவியைக் கண்டேன். அவரைக் கவனிக்கச் சம்பளத்திற்கு அமர்த்தப்பட்டிருந்தாள். முதியவரின் முதுகின் அடிப்பகுதியில் படுக்கைப்புண். பிள்ளைகள் பாசம் மிக்கவர்கள். தந்தையின் உறக்கத்தைக் கலைக்கலாகாது என்று அவரை அசைக்காமல் வைத்திருந்தனர். "தாத்தா நல்லாத் தூங்கட்டும்னு விட்டுட்டாங்க ஃபாதர். அந்தப் பாசந்தான் புண்ணாப் போச்சு" என்றாள் அவள்.

பின்னர் அதன் காரணத்தை விளக்கினாள். உடலின் எடை மாறுவதில்லை. ஆனால் அது எலும்பு புடைத்திருக்கும் சிறிய பரப்பில் மட்டும் இறங்கும்போது அங்கே அழுத்தம் மிகுகிறது. நுண்ணிய இரத்தக் குழாய்கள் நசுங்கி அடைபடுகின்றன. இரத்தம் எட்டாத தசை சாகிறது. ஆகவே இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். தலையணைகளால் எடையைப் பரந்த இடத்திற்குப் பகிர வேண்டும். உடலை இழுக்காமல் தூக்கி நகர்த்த வேண்டும், இழுத்தால் உராய்வு தோலைக் கிழிக்கும். விசையைப் பரப்பால் வகுத்தால் அழுத்தம் என்று பள்ளியில் நாம் மனப்பாடம் செய்த அந்தச் சூத்திரம் இப்பெண்ணின் கைகளில் இரக்கமாக மாறியிருந்தது.

அறிவு இல்லாத அன்பு காயப்படுத்தும் என்பதை அன்று கண்டேன். புனித தாமஸ் அக்குவினாஸ், இரக்கம் வெறும் உணர்ச்சியாகவும் இருக்கக்கூடும், நற்பண்பாகவும் இருக்கக்கூடும் என்று பகுத்துரைக்கிறார். பகுத்தறிவால் நெறிப்படுத்தப்படும்போதே அது நற்பண்பாகிறது. குருமடத்தில் இதைப் படித்துத் தேர்வும் எழுதினேன். அதன் பொருளோ ஒரு நோய்ப்படுக்கையின் அருகில்தான் விளங்கிற்று.

அழுத்தத்தை அளக்கும் அலகுக்குப் 'பாஸ்கல்' என்று 1971இல் பெயர் சூட்டப்பட்டது. அப்பெயருக்குரிய பிலேஸ் பாஸ்கல் (1623–1662) காற்றுக்கு அழுத்தம் உண்டென்பதை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர். ஆழ்ந்த கிறிஸ்தவ விசுவாசி. 1648இல் அவருடைய வேண்டுகோளின்படி அவருடைய அக்காவின் கணவர் பியூய் தெ தோம் மலைமீது பாதரசக் குழாயைக் கொண்டுசென்று, உயரம் கூடக்கூடப் பாதரசம் தாழ்வதைக் கண்டறிந்தார். அந்தப் பாஸ்கல் மரணப் படுக்கையில் கேட்டது யாது? தமக்குக் கிட்டும் அதே கவனிப்பு ஓர் ஏழை நோயாளிக்கும் கிட்டும்படி அப்படிப்பட்ட ஒருவரைத் தம் இல்லத்திற்குக் கொண்டுவருமாறு கேட்டார். அது இயலாதபோது, தீராப்பிணியாளர் மருத்துவமனையில் ஏழைகளின் நடுவே இறக்க விரும்பினார். அவருடைய அக்கா எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இதைக் காண்கிறோம். உடல், அறிவு, அன்பு என்று மூன்று தளங்களைப் பிரித்து, அறிவின் தளத்தினும் அன்பின் தளம் அளவிறந்து உயர்ந்தது என்று எழுதியவரும் அவரே. அதனால் அறிவை அவர் இகழ்ந்தாரல்லர். அது எங்கே சென்று முழுமை பெறவேண்டும் என்பதையே காட்டினார்.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். அன்பைத் தொழிலாக்கலாமா? ஊதியத்திற்குச் செய்யும் பணிவிடை இரக்கமாகுமா? கூலிக்கு மேய்ப்பவரை இயேசுவே கண்டித்தாரன்றோ? யோவான் நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தை ஊன்றிப் படித்தால், கூலி வாங்கியதற்காக அம்மேய்ப்பர் கண்டிக்கப்படவில்லை என்பது புலப்படும். ஓநாய் வரும்போது ஆடுகளைப்பற்றிய கவலையின்றி ஓடிவிடுவதே அவர் குற்றம். அதுமட்டுமன்று. லூக்கா நற்செய்தியின் நல்ல சமாரியர் உவமையில் நாம் கவனியாமல் கடந்துபோகும் ஒருவர் உண்டு. அவர்தாம் சத்திரக்காரர். சமாரியர் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்துக் காயங்களைக் கட்டியபின், இரண்டு தெனாரியம் கொடுத்து, மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகக் கூறிச் செல்கிறார். எஞ்சிய நாள்களில் காயமுற்றவரின் அருகில் இருந்தவர் பணம் பெற்ற சத்திரக்காரரே. அவருடைய உழைப்பின்றிச் சமாரியரின் இரக்கம் நிறைவேறியிராது.

ஆயினும் இவ்வுண்மையைச் சொல்லும் நாம் ஓர் ஏமாற்றுக்கு இடந்தரலாகாது. பணிவிடை புனிதமானது என்று போற்றிக்கொண்டே குறைந்த கூலி தருவது அநீதி. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இயற்பியலும், குடிசை வீட்டுப் பெண்ணுக்குப் படுக்கைச் சட்டியும் என்று நாமே பங்கிட்டுவிட்டு, அதை இறைத்திட்டம் என்பதும் அநீதி. புனித இரண்டாம் யோவான் பவுல் 1981இல் மனித உழைப்பைப் பற்றி வெளியிட்ட சுற்றுமடலில், வேலையின் மாண்பு அதன் வகையைப் பொறுத்ததன்று, அதைச் செய்பவர் மனிதர் என்பதைப் பொறுத்தது எனக் கற்பித்தார். அப்படியானால் பராமரிப்பவளுக்குச் சமாரியரைப்போல் முழுச் செலவையும் ஈடுசெய்யக் கடமைப்பட்டுள்ளோம். அவள் விரும்பினால் மேலும் கற்று உயர வழியும் இருக்கவேண்டும். அவ்வாறே, இயற்பியல் கற்பவளுக்கும் தன் கல்வி எந்த மனிதரின் வேதனையைத் தணிக்கும் என்று எண்ணிப்பார்க்கும் பயிற்சி வேண்டும்.

ஆகவே எது உயர்ந்த படிப்பு என்னும் வினாவே பிழையானது என்று இப்போது கருதுகிறேன். இந்த அறிவு யாருடைய படுக்கையருகே சென்று சேரும் என்பதே நாம் கேட்கவேண்டிய வினா.

அந்த முதியவரின் புண் மெல்ல ஆறியது. அவ்வாண்டு தேர்வு முடிவுகள் வந்தபோது, கல்லூரிக்குச் செல்வோர், தொழிற்பயிற்சிக்குச் செல்வோர் அனைவரின் பெயர்களையும் ஒரே பட்டியலாகத் திருப்பலியில் வாசித்தேன். முன்பு விட்டுப்போன ஒரு பெயரையும் அதன் தொடக்கத்தில் சேர்த்துக்கொண்டேன். பின்வரிசையில் அமர்ந்திருந்த அந்தத் தாய் தலைநிமிர்ந்து பார்த்தார். அவருக்கு நான் தரவேண்டியிருந்த விடை, மூன்று ஆண்டுகள் தாமதமாகச் சென்று சேர்ந்தது.