கணக்கில் சேராத பகுதி

அமெரிக்காவில் சட்டக் கல்லூரியில் சேர விரும்புவோர் எழுதுகிற எல்சாட் தேர்வு 1948ஆம் ஆண்டு தொடங்கியது. தலா 35 நிமிஷம் கொண்ட அதன் நான்கு பகுதிகளுள் மூன்றுக்குத்தான் மதிப்பெண் உண்டு; எஞ்சிய ஒன்று, வருங்காலத் தேர்வுகளுக்கென ஆக்கிய வினாக்களைச் சோதித்துப் பார்ப்பதற்காகச் சேர்க்கப்படுவது. அது எந்தப் பகுதி என்பது எழுதுகிறவருக்குத் தெரியாது. தெரியாததனாலேயே நான்கையும் ஒரே சிரத்தையோடு எழுதியாக வேண்டும். தேர்வு அமைத்தோர் தங்கள் வசதியை முன்னிட்டே இப்படிச் செய்தார்கள் என்றாலும், பலனில் பற்று வைக்காமல் கர்மத்தைச் செய் என்ற கீதையின் உபதேசத்துக்கு இதைவிடத் தெளிவான திருஷ்டாந்தம் நம் காலத்தில் எனக்குத் தென்பட்டதில்லை.

இத்தேர்வுக்குப் படிப்பவர்களில், பிழைப்புக்கு ஒரு வேலையும் குடும்பத்துக்கு வேண்டிய காரியங்களும் போக மிஞ்சிய பொழுதில் புத்தகத்தைத் திறப்பவர்கள் பலர். மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கும் ஒரு நர்ஸை நினைத்துக்கொள்வோம். காலையில் வீடு திரும்பி, குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, கண் எரிய உட்கார்ந்து தர்க்க வினா ஒன்றைப் படிக்கிறாள். பஸ் கட்டணத்தைக் குறைத்த பிறகு கடைவீதியில் வியாபாரம் பெருகிற்று, ஆகவே கட்டணக் குறைப்பே அதற்குக் காரணம் என்பது போன்ற சின்ன வாதம். அது சொல்லாமலே வைத்துக்கொண்ட ஊகம் எது என்று ஐந்து விடைகளில் தேட வேண்டும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததென்று நம் தார்க்கிகர்கள் காகதாலீய நியாயத்தில் அலசிய அதே கேள்விதான். வினா ஒன்றுக்குச் சுமார் ஒன்றரை நிமிஷமே அவகாசம். அன்று அவளுக்கு அது பிடிபடவில்லை. அப்படியானால் அந்தக் காலைப் பொழுது வீண்தானா?

கல்விக்கு ஏகாந்தமும் குருகுல வாசமும் வேண்டும் என்பது நம் பழைய கொள்கை. ஆனால் கோபத்தால் கொக்கை எரித்த கௌசிகர் என்னும் தபஸ்விக்கு, வீட்டு வேலை ஓயாத ஓர் இல்லத்தரசி வழிகாட்ட, மிதிலையில் இறைச்சி விற்றுக்கொண்டிருந்த தர்மவியாதர் தத்துவம் உபதேசித்ததையும் மகாபாரதமே சொல்கிறது. நியூ சேலம் என்ற சிற்றூரில் தபால் அதிகாரியாகவும் நில அளவையாளராகவும் உழைத்துக்கொண்டே சட்ட நூல்களைத் தாமாகப் படித்த லிங்கன் 1836இல் வழக்கறிஞராக உரிமம் பெற்றார். பாஸ்டனில் கிளீசன் ஆர்ச்சர் 1906இல், பகலில் வேலைக்குப் போகிறவர்களுக்கென்றே இரவுச் சட்டப் பள்ளி தொடங்கினார். ஏகாக்கிரதை ஓய்வுள்ளவர்களின் தனிச்சொத்தாக எக்காலத்திலும் இருந்ததில்லை.

இவள் மதிப்பெண்ணை விரும்பித்தானே படிக்கிறாள், 120க்கும் 180க்கும் இடையே தன் எண் எங்கே விழும் என்று ஏங்குகிறவளுக்கு நிஷ்காமம் ஏது என்று கேட்கலாம். நியாயமான ஆட்சேபம். வழக்கறிஞராக வேண்டும் என்ற சங்கல்பத்தை அவள் கைவிட வேண்டியதில்லை என்றே நான் கருதுகிறேன். அது இல்லாமல் கர்மமே தொடங்காது. அவள் விட வேண்டியது, ஒவ்வொரு அரைமணியையும் நிறுத்து இது எனக்கு என்ன தந்தது என்று அன்றன்றே விசாரிக்கும் சுபாவம். நேரம் குறைந்தவர்களையே இச்சுபாவம் கடுமையாகப் பிடிக்கிறது. மாதிரித் தேர்வில் நாலு மதிப்பெண் சரிந்தால், போன மாதம் முழுவதும் பாழ் என்று மனம் தீர்ப்பெழுதிவிடுகிறது. எந்தக் காலையில் விளங்காமற்போன வாதம், எந்த வாரத்தில் உள்ளே பக்குவப்பட்டு வேறொரு வினாவில் வழி காட்டியது என்பதை அவளும் அறியாள், ஆசிரியரும் அறியார்.

மதிப்பெண் இல்லாத அந்த 35 நிமிஷ உழைப்பின் பலன், பின்னொரு நாள் தேர்வெழுதப்போகும் முன்பின் தெரியாத ஒருவரைச் சேர்கிறது. அவருக்கு நேரான வினாக்கள் கிடைப்பது இவளைப் போன்றோர் கொடுத்த விடைகளால்தான். லோகசங்கிரகம் என்று கீதை சொல்வது இவ்வளவு எளிய உருவிலும் நடைபெறும் என்பது எனக்குப் பெரும் ஆறுதல்.

ஆனால் இந்தத் தத்துவத்தைச் சொல்லி, களைத்தவளை மேலும் கசக்குவதை நான் ஒப்பமாட்டேன். அளவுக்கு மீறி விழித்திருப்பவனுக்கு யோகம் கைகூடாது என்று அதே கீதையின் ஆறாம் அத்தியாயம் தெளிவாகச் சொல்கிறது. இரட்டைப் பணி முடித்து வந்த நாளில் புத்தகத்தைத் தொடாமல் அவள் உறங்குவாளானால், அந்த உறக்கத்தையும் அப்பியாசத்தில் சேர்த்தே எண்ணுவேன்.