வைத்தியர் யாருக்குக் கடன்பட்டவர்?



உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் நாட்களில் பங்குமனைக்கு வரும் பெற்றோர் சிலரின் முகத்தில் ஒரு தனி மலர்ச்சியைக் காணலாம். “சுவாமி, பிள்ளைக்கு மெடிசின் கிடைச்சிட்டுது. நன்றிப் பூசை ஒன்று ஒப்புக்கொடுக்க வேணும்” என்பார்கள். நாமும் அகமகிழ்ந்து ஒப்புக்கொடுக்கிறோம். ஆனால் ஒரு கேள்வியை மட்டும் நம்மில் எவரும் கேட்பதில்லை. இந்தப் பிள்ளையை வைத்தியராக்கப் போகும் பணம் யாருடையது? அதற்கு ஈடாக இப்பிள்ளை யாருக்கு என்ன கொடுக்க வேண்டும்?

சமயத்தின் பெயரால் நடக்கும் ஒரு மருத்துவக் கல்லூரியின் வரலாற்றை வைத்து இதை இன்று சிந்திப்போம். தமிழ்நாட்டின் வேலூரில் உள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியே அது. அது நம் கத்தோலிக்க திருச்சபையின் நிறுவனம் அன்று. பிற கிறிஸ்தவ சபைகள் பல சேர்ந்து நடத்துவது. எனினும் நமக்கு அது அந்நியமும் அன்று. 1820களில் பண்டத்தரிப்பில் மருத்துவப் பணி புரிந்த அமெரிக்க மிஷனரி ஜோன் ஸ்கடரின் பேர்த்தி ஐடா ஸ்கடர் அம்மையாரே அதன் நிறுவுநர்.

அம்மையார் இளம்பெண்ணாகத் திண்டிவனத்தில் இருந்தபோது, ஒரே இரவில் மூன்று ஆடவர் ஒருவர்பின் ஒருவராக வந்து தம் மனைவியரின் பிரசவத்துக்கு உதவி கேட்டனர். வைத்தியரான தந்தையை அனுப்பலாம் என்றார் அவர். பிற ஆடவர் தம் பெண்களைத் தொடுவதை அம்மூவரும் ஏற்கவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். அந்த இரவே அவரை வைத்தியராக்கியது. 1899இல் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, 1900இல் வேலூரில் பணியைத் தொடங்கினார்.

அழைப்பு ஆண்டவரிடமிருந்து வந்தது. கல்லும் சுண்ணாம்பும் வாங்கப் பணம் எங்கிருந்து வருவது? நியூயோர்க் வங்கியாளர் ஒருவர் தம் இறந்த மனைவியின் நினைவாக 10,000 டொலர் கொடுத்தார். 1902இல் 40 கட்டில்களுடன் ஒரு வைத்தியசாலை எழுந்தது. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கியது. 1920களின் தொடக்கத்தில், ஆசியாவின் ஏழு மகளிர் கல்லூரிகளுக்காகப் பெரும் நிதி திரட்டப்பட்டபோது அவற்றுள் வேலூரும் ஒன்று. நீங்கள் 20 இலட்சம் டொலர் திரட்டினால் நாங்கள் 10 இலட்சம் தருகிறோம் என்றது றொக்பெல்லர் குடும்பத்தின் அறநிதியம். அமெரிக்கக் கிறிஸ்தவப் பெண்கள் சிறுகச் சிறுகச் சேர்த்து அத்தொகையை நிரப்பினர்.

இங்கேதான் முதலாவது நெருடல் எழுகிறது. றொக்பெல்லரின் செல்வம் எண்ணெய் வர்த்தகத்தில் குவிந்தது. போட்டியாளரை நசுக்கிக் குவித்தது என்ற கண்டனமும் அதைத் தொடர்ந்தது. 1905இல் அவர் 100,000 டொலரை அமெரிக்க மிஷனுக்கு, அதாவது நம் யாழ்ப்பாணத்தில் கல்லூரிகளும் வைத்தியசாலைகளும் நடத்திய அதே மிஷனுக்குக் கொடுத்தபோது, வொஷிங்டன் கிளாடன் என்ற போதகர் இது கறைபட்ட பணம் என்று வெளிப்படையாக எதிர்த்தார். மிஷனே அப்பணத்தைக் கேட்டுப் பெற்றது என்பது பின்னர் தெரியவந்தது!

கறைபட்ட பணத்தை ஏற்கலாமா? கறை சற்றும் இல்லாத பணத்தைத் தேடினால் நம் கோவில் உண்டியல்களிலும் எவ்வளவு தேறும் என்று சொல்வதற்கில்லை. அதற்காக எதையும் ஏற்கலாம் என்பதும் சரியன்று. கொடுத்தவரின் அநீதியைக் கண்டிக்கும் நம் வாயை அந்தக் கொடை அடைக்குமானால், அது கொடையன்று, விலை. கண்டிக்கும் உரிமையை விட்டுக்கொடுக்காமல் பெற முடிந்தால் மட்டுமே அதை ஏழைக்காகப் பெறலாம்.

இரண்டாவது நெருடல், கொடுத்தவரின் நோக்கத்தைப் பற்றியது. வேலூர்ப் பள்ளி முழுமையான பட்டக் கல்லூரியாக உயர வேண்டிய கட்டாயம் ஏற்பட்டது. முதுமையிலும் ஐடா அம்மையார் மீண்டும் நிதி திரட்ட அமெரிக்கா சென்றார். ஆண்களையும் சேர்த்துக்கொண்டால் மேலும் பல மிஷன்கள் ஆதரவு தரும் என்ற நிலை. முன்னர் நிதி திரட்டலுக்குத் தலைமை தாங்கிய லூசி பீபாடி அம்மையார் அதை வன்மையாக எதிர்த்தார். பெண்களுக்கென்று பெண்கள் கொடுத்த காணிக்கை இது என்பது அவர் வாதம். ஆயினும் 1942இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் அங்கீகாரம் கிடைத்தது. 1947இல் ஆண்களும் சேர்க்கப்பட்டனர்.

யார் பக்கம் நியாயம்? கொடுத்தபின் பணம் கொடுத்தவருக்குச் சொந்தமில்லை. அதற்காக அது பெற்றவருக்கும் சொந்தமாகிவிடாது. யாருக்காகக் கொடுக்கப்பட்டதோ அவருக்கே அது உரியது. வேலூரின் பணம் அந்த இரவில் இறந்த மூன்று பெண்களுக்கு உரியது. அவர்களைப் போன்றவர்களுக்கு வைத்தியர் கிடைக்கும்வரை மாற்றத்துக்கு இடமுண்டு. அதே வேளையில், எதிர்த்துக் கேட்ட பீபாடி அம்மையாரைப் போன்றவர்களும் திருச்சபைகளுக்குத் தேவை. கேட்பார் இல்லாத இடத்தில் காணிக்கை வழிதவறிப் போகும்.

மூன்றாவது நெருடல் நம் காலத்தது. 2017இல் வேலூரில் மருத்துவ மாணவரின் ஆண்டுக் கற்பித்தல் கட்டணம் வெறும் 3,000 இந்திய ரூபாய். சபைகளின் பரிந்துரையோடு சேர்ந்தவர், பட்டம் பெற்றபின் இரண்டு ஆண்டுகள் மிஷன் வைத்தியசாலைகளில் பணிபுரிய வேண்டும் என்பது உடன்படிக்கை. பணிசெய்யும் மனமுடையவரைத் தாமே தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற கல்லூரி, அரசின் பொதுத் தேர்வு முறையை ஏற்க மறுத்து, அவ்வாண்டில் 100 இடங்களில் ஒன்றை மட்டுமே நிரப்பியது. 2020இல் இந்திய உச்ச நீதிமன்றம், பொதுத் தேர்வு சிறுபான்மைச் சமயத்தவரின் கல்லூரிகளையும் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்பளித்தது.

நாம் இரு பக்கத்தையும் நேர்மையாக நோக்க வேண்டும். இந்தியாவில் மருத்துவ இடங்கள் ‘நன்கொடை’ என்ற பெயரில் பெருந்தொகைக்கு விலைபோனது ஊரறிந்த செய்தி. சமயத்தின் பெயர் அந்த நோய்க்குத் தடுப்பூசி ஆகிவிடாது. ஆகவே அரசின் கண்டிப்பில் நியாயமுண்டு. ஆனால் பரீட்சைப் புள்ளி அறிவை அளக்கும். இரவு இரண்டு மணிக்குக் கதவு தட்டப்படும்போது எழுந்து போகும் மனதை அளக்குமா?

புனிதர்களான கொஸ்மாசும் தமியானும் கூலி பெறாமல் நோய் தீர்த்தார்கள் என்று திருச்சபை நினைவுகூருகிறது. ஒரு கல்லூரியை அப்படி நடத்த இயலாது. ஆசிரியருக்குச் சம்பளம் வேண்டும், கருவிகள் வேண்டும், மருந்துகள் வேண்டும். ஆகவே, பணம் வேண்டுமா என்பதன்று கேள்வி. எதைத் தீர்மானிக்கப் பணத்துக்கு இடங்கொடுக்கிறோம் என்பதே கேள்வி. கட்டடத்தின் உயரத்தைப் பணம் தீர்மானிக்கட்டும். யார் படிப்பது, யாருக்கு மருந்து கிடைப்பது என்பதையும் அது தீர்மானித்தால், வாசலில் உள்ள சிலுவை வெறும் விளம்பரப் பலகையே.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். நம் நாட்டில் இலவசக் கல்வி 1945இல் வந்தது. யாழ்ப்பாணத்தில் மருத்துவபீடம் 1978இல் தொடங்கியது. அங்கு படிக்கும் நம் பிள்ளையிடம் எவரும் கட்டணம் கேட்பதில்லை. ஆனால் அந்தப் படிப்பு இலவசமன்று. சீனிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரி கொடுத்த மீனவரும், தோட்டத்தில் கொழுந்து பறித்த தாயும் அதற்குப் பணம் கட்டியிருக்கிறார்கள். அவர்களுடைய பெயர் எந்தக் கட்டடத்திலும் பொறிக்கப்படுவதில்லை.

2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் வைத்தியர் பலர் நாட்டை விட்டுச் சென்றனர். குடும்பச் சுமையால் போனவரைக் குற்றவாளி என்று நாம் சொல்ல மாட்டோம். ஆயினும் போகுமுன், கொடுத்தவரின் முகத்தை ஒருமுறை நினைத்தார்களா என்று கேட்கும் உரிமை அந்த மீனவருக்கு உண்டு.

வேதாகமத்தில் தொழுநோய் தீர்ந்த நாமான் கொடுக்க வந்த காணிக்கையை இறைவாக்கினர் எலிசேயு மறுத்தார். அவருடைய பணியாளோ பின்னால் ஓடிப்போய்க் கேட்டு வாங்கினான். வெள்ளியோடு அந்தத் தொழுநோயும் அவனைப் பற்றிக்கொண்டது.

தமிழில் ‘கடன்’ என்ற சொல்லுக்கு இரு பொருள் உண்டு: திருப்பிக் கொடுக்க வேண்டியதும் கடன், செய்ய வேண்டிய கடமையும் கடன். வைத்தியரின் வாழ்வில் இவ்விரண்டும் ஒன்றே. பெற்றோரே, அடுத்த முறை நன்றிப் பூசைக்கு வரும்போது பிள்ளையையும் அழைத்து வாருங்கள். நன்றி சொல்லி முடிந்ததும், யாருக்குக் கடன்பட்டிருக்கிறாய் என்று பீடத்தின் முன்னால் வைத்தே அன்போடு கேளுங்கள். அந்தப் பதிலையும் அன்றைய காணிக்கையோடு ஒப்புக்கொடுப்போம்.